அறிதுயிலும் மனதின் கவசங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், வேலை புதுச்சேரியில். மன ஆலோசகர் என்று தெரிந்துவிட்டால் போதும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கிருமாம்பாக்கம் தாண்டுவதற்குள் கேட்டுவிடுவார்: "ஹிப்னாடிசம் எல்லாம் பண்ணுவீங்களா மேடம்?" பயிற்சி இருக்கிறது, தேவைப்பட்டால் செய்வேன் என்று சொல்லிவிட்டால் அடுத்த பத்துக் கேள்வி வரிசையாக வரும். அவற்றுக்குத் துண்டு துண்டாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. பதில் சொல்லும்போது மனதின் 'தற்காப்பு', அதாவது கவசம், என்ற பேச்சும் தவறாமல் வந்துவிடும். எல்லாவற்றையும் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

ஹிப்னாடிசம் என்பது தூக்கமா, மயக்கமா?

இரண்டும் இல்லை. மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தால் விழித்திருப்பவரின் அலைகள்தான் தெரியும். கண்ணைத் திறந்துகொண்டும் அந்த நிலையில் இருக்கலாம். 1976இல் ஈவா பான்யாய், எர்னஸ்ட் ஹில்கார்ட் என்ற இரு ஆய்வாளர்கள், நகராத சைக்கிள் ஒன்றை விடாமல் மிதிக்க வைத்துக்கொண்டே ஆட்களை அந்த நிலைக்குக் கொண்டுபோனார்கள். கவனம் ஓரிடத்தில் குவிகிறது, சுற்றியிருப்பது மங்குகிறது, சொல்லப்படும் சொல்லுக்கு உடம்பும் மனமும் வழக்கத்தைவிட எளிதாக இசைகின்றன. அவ்வளவுதான்.

'மனோவசியம்' என்ற சொல் எனக்குப் பிடிப்பதில்லை. வசியம் என்றாலே பிடிக்கிறவர் ஒருவர், மாட்டிக்கொண்டவர் ஒருவர் என்று ஆகிவிடுகிறது. 'அறிதுயில்' நல்ல சொல். சிதம்பரத்தில் கோவிந்தராஜப் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறாரே, அதுதான் அறிதுயில்: பார்த்தால் தூக்கம், உள்ளே எல்லாம் தெரியும். கோவாவில் பிறந்து பாரிசில் வாழ்ந்த அபே ஃபாரியா (1756–1819) என்ற பாதிரியார் பிரெஞ்சு மொழியில் இதற்கு வைத்த பெயரும் கிட்டத்தட்ட அதேதான், 'தெளிவான உறக்கம்'.

அவருக்கு முன்னால் மெஸ்மர் என்ற வைத்தியர், தன்னிடமிருந்து ஒரு காந்த சக்தி நோயாளிக்குள் பாய்கிறது என்று சொல்லி பாரிசையே கூட்டி வைத்திருந்தார். 1784இல் பதினாறாம் லூயி மன்னர் ஒரு குழு அமைத்தார். விஞ்ஞானிகளான பெஞ்சமின் ஃப்ராங்க்ளினும் லவாசியரும் அதில் இருந்தார்கள். காந்தமாவது ஒன்றாவது, எல்லாம் கற்பனையின் வேலை என்று குழு முடித்துவிட்டது. ஃபாரியா அந்தக் 'கற்பனையை' இளக்காரமாகப் பார்க்கவில்லை. சக்தி செய்பவரிடம் இல்லை, செய்துகொள்பவரிடம்தான் இருக்கிறது என்றார். இருநூறு வருடம் ஆகியும் அந்தச் செய்தி நம் ஊர் ஹிப்னாடிச விளம்பரத் தட்டிகளுக்கு வந்து சேரவில்லை.

மனதின் தற்காப்பு, தற்காப்பு என்கிறீர்களே, அது என்ன?

தாங்க முடியாத ஒன்றை மனம் நமக்கே தெரியாமல் ஒதுக்கி வைக்கும், அல்லது வேறு வேஷம் போட்டு வெளியே விடும். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய வியன்னா மருத்துவர் ஃப்ராய்ட் 1894இல் ஒரு கட்டுரையில் இதற்குத் 'தற்காப்பு' என்று பெயர் வைத்தார். அவர் மகள் அன்னா 1936இல் வகைகளை வரிசைப்படுத்திப் புத்தகமாகப் போட்டார்.

பெயர்தான் புதிது. "ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்", "சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்" இரண்டும் நியாயம் கற்பித்தல். மேலதிகாரியிடம் வாங்கிய திட்டை வீட்டுக்கு வந்து பிள்ளையின் முதுகில் இறக்குவது இடமாற்றம். தன் பொறாமையைத் தூக்கி நாத்தனார் மேல் வைத்து "அவளுக்குத்தான் என்னைக் கண்டா ஆகாது" என்பது புறத்தேற்றம். மறுப்புக்கு "எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்பதைவிட நல்ல உதாரணம் எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. மறுக்கிற வாயே இடத்தையும் காட்டிக்கொடுத்துவிடுகிறது!

இதெல்லாம் கெட்ட பழக்கம், பிடுங்கி எறிய வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஜார்ஜ் வேலண்ட் என்ற மனநல மருத்துவர், ஹார்வர்டில் படித்த ஆண்களைப் பல பத்தாண்டுகள் விடாமல் தொடர்ந்த ஓர் ஆய்வை வைத்துத் தற்காப்புகளைப் படிநிலையாக அடுக்கினார். புறத்தேற்றம் கீழே, நகைச்சுவை மேலே. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் நம் கரையைக் கடந்த கொஞ்ச நாளில் ஒரு பண்ருட்டிக்காரர் என்னிடம் சொன்னார்: "பலா மரம் விழுந்துச்சும்மா. அதோட பக்கத்து வீட்டுக்காரனோட இருந்த வரப்புத் தகராறும் விழுந்துச்சு. சண்டை போட இனிமே மரமே இல்ல." சிரித்துக்கொண்டே சொன்னார், கண் மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பை நான் ஏன் பிடுங்க வேண்டும்? 2004 சுனாமிக்கு அப்புறம் அதே கடலுக்குள் மறுபடி படகைத் தள்ளிய தேவனாம்பட்டினத்துக்காரர்களுக்கும் ஏதோ ஒரு கவசம் தேவைப்பட்டிருக்கும்.

இந்தத் தற்காப்புக்கும் ஹிப்னாடிசத்துக்கும் என்ன சம்பந்தம்?

பிறப்பிலேயே சம்பந்தம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எனக்குப் பிடித்த கதை.

ஃப்ராய்ட் 1885இல் பாரிசில் சார்க்கோ என்ற நரம்பியல் மேதையிடம் படிக்கப் போனார். அறிதுயிலுக்கு ஆட்படுவதே ஹிஸ்டீரியா நோயின் (உடம்பில் காரணம் தெரியாமல் வரும் வலிப்பு, முடக்கம் போன்றவற்றுக்கு அன்றைய பெயர்) அறிகுறி என்பது சார்க்கோவின் கட்சி. நான்சி நகரத்தில் லியேபோ, பெர்னெய்ம் என்ற இருவர் வேறு கட்சி: நோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சொல்லுக்கு இசைவது சாதாரண மனிதரின் இயல்பு. (நான்சிக்காரர்கள் சொன்னதுதான் நின்றது.) 1889இல் ஃப்ராய்ட் நான்சிக்கும் போனார். அறிதுயிலில் நடந்தது எதுவுமே நினைவில்லை என்று எழுந்தவுடன் சொல்லும் நோயாளியிடம், "இல்லை, உங்களுக்குத் தெரியும், சொல்லுங்கள்" என்று பெர்னெய்ம் விடாமல் கேட்பதையும், நினைவு ஒவ்வொன்றாகத் திரும்பி வருவதையும் அங்கே பார்த்தார்.

வியன்னாவுக்குத் திரும்பிய பிறகு ஒரு சிக்கல். அவரிடம் வந்த பலர் அறிதுயிலுக்குப் போகவே இல்லை. 'லூசி' என்ற பெயரில் அவர் எழுதிய ஆங்கிலப் பெண்மணியும் அப்படித்தான். சரி, பெர்னெய்ம் செய்ததைச் செய்வோம் என்று நெற்றியில் கையை வைத்து அழுத்தி, "இப்போது நினைவுக்கு வரும்" என்றார். வந்தது, ஆனால் சுலபமாக வரவில்லை. ஒவ்வொரு முறையும் உள்ளிருந்து ஏதோ ஒன்று எதிர்த்துத் தள்ளியது. அந்தத் தள்ளலுக்கு 'எதிர்ப்பு' என்று பெயர் வைத்தார். நினைவை முதலில் வெளியே தள்ளியதும் அதே விசைதான் என்று யூகித்தார். தற்காப்பு என்ற கருத்து அங்கிருந்துதான் வலுப்பெற்றது. லூசி நன்றாக அறிதுயிலில் ஆழ்ந்திருந்தால் அந்த விசை ஃப்ராய்டின் கண்ணில் பட்டிருக்காது. அறிதுயில் பலிக்காத கட்டிலில் பிறந்த பிள்ளை அது.

இதிலிருந்துதான் ஒரு தப்பான பாடமும் கிளம்பியது: யாருக்குப் பலிக்கவில்லையோ அவர் 'எதிர்க்கிறார்' என்று. அதைப் பற்றித்தான் அடுத்த சில கேள்விகள்.

"என்னை யாராலும் ஹிப்னாடைஸ் பண்ண முடியாது, எனக்கு வில்பவர் ஜாஸ்தி." சரியா?

இதைச் சொல்பவர் பெரும்பாலும் ஆண், பெரும்பாலும் மீசையைத் தடவிக்கொண்டே சொல்வார். முடியாமல் இருக்கலாம் சார், ஆனால் காரணம் வில்பவர் இல்லை. மனபலத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. ஏமாளித்தனத்துக்கும் இல்லை. சீட்டுக் கம்பெனியில் பணத்தைப் போட்டு ஏமாந்தவர் அறிதுயிலில் துளிகூட இசையாமல் இருப்பார். கணக்கில் ஒரு பைசா விடாத தணிக்கையாளர் ஆழ்ந்துபோவார்.

கொஞ்சமாவது தொடர்பு தெரிகிற குணம் ஒன்று உண்டு: ஒன்றில் தோய்ந்துபோவது. 1974இல் டெல்லிகன், அட்கின்சன் இருவரும் இதை அளக்க ஒரு கேள்வித்தாள் போட்டார்கள். கதைப் புத்தகத்தைப் பிரித்துவிட்டு அரியாங்குப்பத்தில் இறங்க மறந்து, பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்ந்து கண்டக்டரிடம் திட்டு வாங்குகிறவர் இந்த ரகம். இந்தத் தொடர்பும் பெரிதில்லை. புத்தகப்புழு எல்லோரும் நன்றாக இசைவார்கள் என்று பந்தயம் கட்டாதீர்கள்.

இதை அளக்கவா முடியும்?

முடியும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வைட்சன்ஹோஃபரும் ஹில்கார்டும் 1959இல் ஓர் அளவுகோலும், 1962இல் அதன் மூன்றாவது வடிவமும் தயாரித்தார்கள். மொத்தம் 12 சோதனை. நீட்டிய கை பாரம் தாங்காமல் இறங்குகிறதா, வாயில் இல்லாத இனிப்பு இனிக்கிறதா, மூக்கருகே அமோனியா பாட்டில் இருந்தும் நெடி தெரியாமல் போகிறதா, மூன்று பெட்டி இருக்கும் இடத்தில் இரண்டு மட்டும் தெரிகிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். ஒரு கொசு ரீங்கரித்துக்கொண்டு வந்து கையில் உட்காருவதாகச் சொல்லி, விரட்டுகிறாரா என்று பார்ப்பதும் உண்டு. கடலூர், புதுச்சேரி ஆட்களுக்கு அந்த ஒரு மார்க்கைச் சும்மாவே போட்டுவிடலாம்.

ஏறத்தாழ பத்தில் ஒருவர் பெரும்பாலானவற்றுக்கு இசைவார், பத்தில் ஒருவர் கிட்டத்தட்ட எதற்கும் அசையமாட்டார், மற்றவர்கள் நடுவில். எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பெரியவர்களைவிட நன்றாக இசைவார்கள். வளர்ந்த பிறகு இந்தத் திறன் அவ்வளவாக மாறுவதில்லை. மாணவர்களாக இருந்தபோது அளந்த ஐம்பது பேரை 25 ஆண்டு கழித்துத் தேடிப் பிடித்து மறுபடி அளந்து பார்த்தார்கள். 1989இல் வெளியான அந்த ஆய்வில் இரண்டு அளவுக்கும் இடையே ஒப்புறவு 0.71 (1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் தொடர்பே இல்லை). கல்யாணம், வேலை, சண்டை, துக்கம் எல்லாம் நடுவில் வந்து போயிருக்கும். அத்தனைக்கு அப்புறமும் அளவு கிட்டத்தட்ட அப்படியே இருந்தது.

அப்படியானால் தற்காப்பு பலமாக இருப்பவருக்குப் பலிக்காது என்பது பொய்யா?

முழுப் பொய் இல்லை, ஆனால் நினைப்பதுபோல் நேர்க்கோட்டிலும் இல்லை. ஆளுமைச் சோதனைகளை அறிதுயில் அளவோடு பல பத்தாண்டுகளாக ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள், பெரும்பாலும் சொல்லும்படியான தொடர்பு கிடைக்கவில்லை. அதனால் "இவருக்குத் தற்காப்பு ஜாஸ்தி, அதான் இறங்கல" என்று எந்தச் சிகிச்சையாளர் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும். தன் முறை பலிக்காததற்கு வந்தவர் மேல் பழி போடுவது. அதுவே ஒரு நல்ல புறத்தேற்றம்.

என் அறையில் நான் பார்க்கும் வித்தியாசம், எவ்வளவு தற்காப்பு என்பதைவிட எந்த வகைத் தற்காப்பு என்பதில்தான். எல்லாவற்றையும் அறிவால் அலசி உணர்ச்சியைத் தள்ளி நிற்க வைப்பவர், நான் "கண் கனக்கிறது" என்றால், "இது சஜஷன்தானே மேடம்?" என்பார். ஆமாம் சார், அதேதான். பாதிக் கவனம் என்னைத் தணிக்கை செய்வதிலேயே போனால் மீதிப் பாதியில் என்ன குவியும்? இது திறன் குறைவு இல்லை, பயம். என்ன நடக்கும் என்று விளக்கி, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று காட்டி, "நீங்களே எண்ணுங்கள், நீங்களே நிறுத்துங்கள்" என்று விட்டுவிட்டால் பாதிப் பேர் தளர்கிறார்கள். மீதிப் பேருக்குத் திறனே அவ்வளவுதான். அதில் அவமானம் எதுவும் இல்லை, பாடவராததைப்போலத்தான்.

இன்னொரு ரகம்: "எனக்கு டென்ஷனே கிடையாது" என்று புன்னகையோடு சொல்பவர். 1979இல் வைன்பர்கர், ஷ்வார்ட்ஸ், டேவிட்சன் மூவரும் இப்படிப்பட்டவர்களை ஆராய்ந்தார்கள். வாய் 'பதற்றமில்லை' என்றது. இதயத் துடிப்பும் வியர்வையும் தசை இறுக்கமும் வேறு சொன்னது, நிஜமாகவே பதற்றம் குறைந்தவர்களைவிட அதிகமாக. இவர்களை அறிதுயிலில் ஆழ்த்த அவசரப்படக் கூடாது. தளர்ந்த நிலையில் திடீரென்று கண்ணீர் வரும், ஏனென்று அவருக்கே தெரியாது, அடுத்த வாரம் வரமாட்டார். ஆரம்பத்தில் ஒருமுறை அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். அவர் திரும்ப வரவே இல்லை.

மூன்றாவது ரகம் நேர் எதிர். மனம் தாங்காதபோது 'அது நான் இல்லை, யாருக்கோ நடக்கிறது' என்று விலகிப் போய்விடுபவர்கள். இந்த விலகல்தான் அறிதுயிலோடு ஒட்டி வரும் தற்காப்பு. போர்க்கள அதிர்ச்சியால் பாதிக்கப்பட்டவர்களிடம் இசைவு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்ததை 1988இல் டேவிட் ஸ்பீகல் குழு காட்டியது. இவர்களுக்கு அறிதுயில் வெகு சுலபமாக வரும். அதனாலேயே மிகுந்த கவனம் வேண்டும். அவர்களுக்குக் கதவைத் திறக்க உதவி தேவையில்லை, மூடத்தான் தேவை.

தற்காப்பை ஒதுக்கிவிட்டு அறிதுயிலில் அவசரப்பட்டால் ஏன் பலன் நிலைக்காது என்பதற்கு அன்னா ஃப்ராய்ட் 1936லேயே ஒரு காரணம் சொன்னார். அறிதுயிலில் மனதின் காவல்காரனை ஓரமாக உட்கார வைத்துவிட்டு உள்ளே போய்ச் சாமானை எடுத்து வருகிறோம். அவன் எழுந்ததும் யாரைக் கேட்டு எடுத்தாய் என்று சண்டைக்கு வருவான், குணமும் நிலைக்காது. காவல்காரனையும் கூட வைத்துக்கொண்டுதான் நான் வேலை செய்கிறேன்.

கோயிலில் சாமியாடுவதும் இதுதானா?

உறவுக்காரர்கள், ஒரே ஆள் இல்லை. ஆடியில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் கோயிலிலோ, தீமிதி நடக்கும் எந்தத் திரௌபதி அம்மன் கோயிலிலோ உடுக்கையும் கூட்டமும் சேர்ந்து ஒருவரின் கவனத்தைக் குவிப்பதைப் பார்க்கலாம். அது நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலே, ஊர் ஏற்றுக்கொண்ட வழிபாட்டில் வரும் ஆட்டத்தை நோயாகக் கொள்வதில்லை. விருப்பமில்லாமல், இடம் பொருள் பார்க்காமல் திரும்பத் திரும்ப வந்து வாழ்க்கையைக் குலைத்தால் மட்டுமே சிகிச்சை. திருவிழாவில் ஆடும் அத்தையை விட்டுவிடுங்கள். கல்யாணப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் ஆடும் தங்கையிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

ரகசியத்தை எல்லாம் உளறிவிடுவேனா?

மாட்டீர்கள். பொய்கூடச் சொல்லலாம்.

மறந்துபோனதை வெளியே எடுக்க முடியுமா? போன ஜென்மம்?

நினைவு என்பது பீரோவில் பூட்டி வைத்த பட்டுப்புடவை இல்லை, சாவி கிடைத்தால் மடிப்புக் கலையாமல் எடுக்க. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் புதிதாகக் கட்டப்படுகிறது. அறிதுயிலில் அதிகமாகச் சொல்வார்கள், அதில் தப்பும் அதிகமாக இருக்கும், சொல்கிறவருக்கோ எல்லாம் நிஜம் என்ற உறுதி கூடிவிடும். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1985இலேயே, இப்படி மீட்ட நினைவுகள் சாதாரண நினைவைவிட நம்பகமானவை இல்லை என்று அறிக்கை வெளியிட்டது. காணாமல்போன நகையை யார் எடுத்தது என்று பார்க்க மருமகளைக் கூட்டி வந்த ஒரு குடும்பத்தை நான் வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

போன ஜென்மமும் அப்படித்தான். நிக்கலஸ் ஸ்பானோஸ் என்ற ஆய்வாளர் சோதித்துப் பார்த்தார். என்ன எதிர்பார்க்கச் சொல்லி அனுப்புகிறோமோ அந்த மாதிரி ஜென்மம்தான் வருகிறது. என்னிடம் இதைக் கேட்டு வருபவர்களில் பலர் சோழர் அரண்மனையில் இருந்ததாக நம்புகிறார்கள். வயலில் நாற்று நட்டவர் ஒருவர்கூட இதுவரை வரவில்லை.

மேடையில் ஒருவரைக் கோழி மாதிரி கூவ வைக்கிறார்களே?

முதலில் கூட்டம் முழுவதையும் விரல்களைக் கோத்துக்கொள்ளச் சொல்லி, பிரிக்க வரவில்லை என்பவர்களை மட்டும் மேலே கூப்பிடுவார்கள். நன்றாக இசைபவர்களைச் சலித்தெடுக்கும் வேலை அங்கேயே முடிந்தது. அதோடு மேடை, விளக்கு, கைதட்டல். கூவாமல் என்ன செய்வார்?

சரி, எதற்குத்தான் உதவும்?

வலிக்கு. 1845இல் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற மருத்துவர், மயக்க மருந்து புழக்கத்துக்கு வருவதற்கு முன்பு, வங்காளத்து ஹூக்ளியில் இந்த முறையில் அறுவை சிகிச்சைகள் செய்தார். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2000இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், நான்கில் மூன்று பேருக்கு வலி கணிசமாகக் குறைந்ததாகக் கண்டார்கள். நடுத்தரமாக இசைபவர்களுக்கும் பலன் உண்டு. குடல் எரிச்சல் நோய்க்கு மான்செஸ்டரில் 1984 முதல் நல்ல முடிவுகள் வந்திருக்கின்றன. பல் பிடுங்கும் பயம், பரீட்சைப் பதற்றம் இவற்றுக்கும் துணையாகச் செய்யலாம். துணையாகத்தான். மனச்சிதைவு நோய் உள்ளவருக்கு நான் செய்வதில்லை.

யாரிடம் போவது?

மனநல மருத்துவர், அல்லது இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளர். பதிவு எண்ணைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். புதுச்சேரியில் ஜிப்மரில் மனநலத் துறை இருக்கிறது. எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை என்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம். "ஒரே அமர்வில் நிரந்தரத் தீர்வு" என்று எழுதியிருந்தால் அந்தப் படியில் ஏறாதீர்கள்.

வீட்டுக்காரருக்குத் தெரியாமலே ஹிப்னாடைஸ் செய்து குடியை நிறுத்த முடியுமா?

பஸ்ஸில் மெதுவான குரலில் கேட்கப்படும் கேள்வி இது, எப்போதும் கடைசியில்தான் வரும். முடியாதும்மா. அவர் சம்மதமும் கவனமும் இல்லாமல் அறிதுயிலே கிடையாது. "நான் நெனச்சா நாளைக்கே விட்டுடுவேன்" என்று அவர் சொல்வது உங்களை ஏமாற்ற என்று நினைக்கிறீர்கள். முதலில் ஏமாறுவது அவர்தான், அதுதான் மறுப்பு. அதை வாதாடி உடைக்கப் பார்த்தால் இன்னும் கெட்டியாகும். குடிக்காத காலை நேரத்தில், "போன மாசம் சம்பளத்துல இவ்வளவுதான் வீட்டுக்கு வந்துச்சு" என்று ஒரே ஒரு விஷயத்தை, குரல் உயர்த்தாமல் சொல்லிப் பாருங்கள். அவர் வராவிட்டாலும் நீங்கள் மட்டும் வந்து பேசலாம், பாதிக் குடும்பங்களில் அப்படித்தான் தொடங்குகிறது.

ஒன்று மட்டும் கவனம். அவர் உண்மையிலேயே ஒருநாள் "இன்னிக்கே விட்டுட்டேன்" என்றால் சந்தோஷத்தில் சும்மா இருந்துவிடாதீர்கள். வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.